ரப்பர் மரம்தானே, அதற்கு எதற்கு இத்தனை கேள்வி?

கேள்வி: குலசேகரம் பக்கம் எங்களுக்கு ஒரு மரத் தொழிற்சாலை இருக்கிறது. அப்பா அறுவை மில்லாகத் தொடங்கியது. இப்போது ரப்பர் மரத்தில் ஃபிங்கர் ஜாயின்ட் பலகை (சிறு துண்டுகளைக் கோத்து ஒட்டியது), காய் நறுக்கும் பலகை, முக்காலி எல்லாம் செய்கிறோம். 34 பேர் வேலை பார்க்கிறார்கள். பாதிக்கு மேல் அஸ்ஸாம், ஒடிசாக்காரர்கள், ஒரு கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள். மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் சாண்டிங் பிரிவில் ஊர்ப் பெண்கள். ஜெர்மனியில் ஒரு நிறுவனம் எங்களிடம் வாங்குகிறது. சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு என்று அவர்கள் நீளமான ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். மரம் எங்கிருந்து வருகிறது, என்ன மருந்து போடுகிறீர்கள், தொழிலாளர்கள் எங்கே தங்குகிறார்கள் என்றெல்லாம் கேட்கிறார்கள். "காட்டு மரத்தையா அறுக்கிறோம், ரப்பர் மரம்தானே" என்கிறார் அப்பா. கூரையில் சோலார் போட்டு, ஆயிரம் கன்று நட்டு, வெப்சைட்டில் ஒரு பசுமைப் பக்கம் போட்டால் போதும் என்கிறான் தம்பி. எஃப்.எஸ்.சி. சான்றிதழ் வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்கிறார் ஏஜென்ட். கையில் ஓரளவு பணம்தான் இருக்கிறது. எதில் தொடங்குவது?
— வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பா சொல்வதில் பாதி சரி. ரப்பர் மரம் 25, 30 வருடம் பால் கொடுத்துவிட்டு எப்படியும் கோடாலிக்குப் போகிற மரம். முன்பெல்லாம் அது பெரும்பாலும் விறகாகத்தான் போயிற்று. அதை முக்காலியாக்கி ஒரு வீட்டில் இருபது வருடம் நிற்க வைப்பது நல்ல காரியம்தான். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கரிமம். அடுப்பில் வைத்தால் அன்றைக்கே புகை, முக்காலியானால் அது உடைகிற வரை மரத்துக்குள்ளேயே இருக்கும். இதை ஜெர்மனிக்காரருக்கு நீங்கள் தாராளமாக எழுதலாம்.

ஆனால் அவர் கேட்பது வேறு. அது எந்தத் தோட்டத்து மரம், யாருடைய நிலம், 2020க்குப் பிறகு காட்டை அழித்து உண்டாக்கிய தோட்டமா, யார் வெட்டினார்கள், உங்கள் கொட்டகையில் அதை இழைப்பவர் எந்தக் காற்றை மூச்சு விடுகிறார்? "ரப்பர் மரம்" என்ற ஒரு சொல்லால் இதில் ஒன்றுக்கும் பதில் வராது. ஆகவே என் ஆலோசனை சுருக்கமாக இதுதான்: முதல் பணத்தை மரக்களத்தில் ஒரு ரெஜிஸ்டருக்கும் சாண்டிங் அறையில் தூசி உறிஞ்சும் குழாய்க்கும் செலவழியுங்கள். கூரையும் கன்றும் வெப்சைட்டும் காத்திருக்கட்டும்.

ஏஜென்ட் சொன்னதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் பணம் வீணாகிற இடம் அதுதான். எஃப்.எஸ்.சி. (ஃபாரஸ்ட் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்) என்பது, பொறுப்போடு பராமரித்த காட்டிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வந்த மரம் என்று சான்று தர 1993இல் தொடங்கிய சர்வதேச அமைப்பு. அதில் தோட்டத்துக்கு ஒரு சான்று, தொழிற்சாலைக்கு வேறு ஒரு சான்று. உங்களுக்குக் கிடைக்கக்கூடியது இரண்டாவது. சான்று பெற்ற மரம் உங்கள் வளாகத்துக்குள் மற்ற மரத்தோடு கலக்காமல் வெளியே போகிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. உங்களுக்கு மரம் தரும் சிறு தோட்டக்காரர்களிடம் தோட்டச் சான்று இல்லையென்றால், நீங்கள் சான்று வாங்குவது தொட்டியில் தண்ணீர் இல்லாமல் வீடு முழுக்கக் குழாய் போட்ட மாதிரி. ஒரு முக்காலியில்கூட அந்த முத்திரையைக் குத்த முடியாது, ஆனால் வருடாவருடம் தணிக்கைக் கட்டணம் போகும். சிறிய நிறுவனங்கள் சேர்ந்து ஒரே குழுவாகச் சான்று பெறும் வழியும் இருக்கிறது. பொதுவாக அதற்கு 15 பேருக்குள் இருக்க வேண்டும், அல்லது 25 பேருக்குள் இருந்து ஆண்டு விற்பனை 10 லட்சம் டாலரைத் தாண்டக் கூடாது. நீங்கள் 34 பேர். "கான்ட்ராக்டர் ஆட்களைக் கணக்கில் காட்ட வேண்டாம்" என்று யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அதற்காக எஃப்.எஸ்.சி. வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜெர்மனிக்காரரிடம் நேராகக் கேளுங்கள்: "உங்களுக்கு எஃப்.எஸ்.சி. முத்திரை கட்டாயமா, அல்லது ஐரோப்பியச் சட்டத்துக்குத் தேவையான ஆதாரம் போதுமா?" அநேகமாக அவருக்கு முதலில் வேண்டியது இரண்டாவதுதான்.

அந்தச் சட்டம் ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்பு விதி, 2023இல் வந்தது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழிந்த நிலத்திலிருந்து வரும் மரத்தையும் மரப் பொருளையும் அங்கே விற்க முடியாது. உங்கள் முக்காலி, காய் நறுக்கும் பலகை, ஒட்டுப் பலகை மூன்றுமே அதற்குள் வரும். இரண்டு முறை தள்ளிவைத்து, இப்போது பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30, சிறியவற்றுக்கு 2027 ஜூன் 30 என்று தேதி நிற்கிறது. இந்தியாவை ஆபத்து குறைந்த நாடுகளின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள், அதனால் வாங்குபவரின் வேலை கொஞ்சம் குறைகிறது. ஆனால் மரம் வளர்ந்த இடத்தை அவர் காட்டியே ஆக வேண்டும். பழைய ரப்பர் தோட்டத்தை வெட்டி மறுபடி ரப்பரே நடுவது காடழிப்புக் கணக்கில் வராது. அந்தப் பயம் வேண்டாம். நிலம் 4 ஹெக்டேருக்குள் இருந்தால், அதாவது கிட்டத்தட்ட 10 ஏக்கருக்குள், ஒரே ஒரு புள்ளி போதும்: அட்சரேகை, தீர்க்கரேகை, தசமப் புள்ளிக்குப் பின் 6 இலக்கம். உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பெரும்பாலானவை அதைவிடச் சிறியவைதானே. தோட்டத்தின் நடுவில் நின்று போனில் எடுத்துவிடலாம்.

கேட்கச் சுலபம். சிக்கல் மரத்தின் குணத்தில் இருக்கிறது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிப் போட்டால் சில நாளிலேயே நீலப் பூஞ்சை ஏறிவிடும், அப்புறம் துளைப்பூச்சி. அதனால் வெட்டியவுடன் மில்லுக்கு ஓட வேண்டும். அந்த அவசரத்தில் தரகர் இரண்டு மூன்று தோட்டத்து மரத்தை ஒரே லாரியில் ஏற்றுகிறார், சில சமயம் எல்லைக்கு அப்பால் கேரளத் தோட்டத்து மரமும் கலந்து வரும். உங்கள் வாசலுக்கு வரும்போது எடைச்சீட்டில் தரகர் பெயரும் டன்னும்தான் மிச்சம். மரத்தின் பிறந்த ஊர் அங்கேயே தொலைந்து போகிறது. யாரும் ஏமாற்ற வேண்டும் என்று நினைத்துச் செய்வதில்லை. ஆனால் ஜெர்மனிக்காரர் கேட்கிற முதல் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லாமல் போவது இதனால்தான்.

இதற்கு மென்பொருள் எல்லாம் வேண்டாம். வாசலில் ஒரு தடிமனான ரெஜிஸ்டர், ஒரு டப்பா பெயின்ட். ஒவ்வொரு லோடுக்கும் தோட்டக்காரர் பெயர், சர்வே எண், அந்தப் புள்ளி, வெட்டிய தேதி, லாரி எண், எடை. லோடுக்கு ஒரு எண் கொடுத்து, உருட்டுமரத்தின் வெட்டுமுகத்தில் பெயின்டால் எழுதுங்கள். அறுத்துச் சட்டமானதும் அதே எண்ணை, மரத்தை உலர்த்தும் சீசனிங் அறையில் அடுக்கின் மேல் தொங்குகிற அட்டையில் எழுதுங்கள். ஃபிங்கர் ஜாயின்டில் துண்டுகள் கலந்துவிடுமே என்பீர்கள். கலக்கட்டும். அந்த வாரம் எந்தெந்த எண்கள் எந்திரத்துக்குள் போயின என்று குறித்து வைத்து, அத்தனை தோட்டத்தையும் அந்த வாரச் சரக்குக்கு எழுதிக் கொடுங்கள். விதி கேட்பதும் அதைத்தான். ஒரு விவரமும் இல்லாத ஒரு லோடு உள்ளே கலந்தால் அந்த வாரச் சரக்கு முழுவதும் கெட்டது என்று அர்த்தம், ஆகவே அப்படிப்பட்ட லோடைத் தனியாக அடுக்கி உள்நாட்டு வியாபாரத்துக்கு வையுங்கள். விவரம் கொண்டு வருகிற தரகருக்கு டன்னுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். தரகருக்கு உபதேசத்தைவிட அது நன்றாகப் புரியும்.

இதிலேயே இன்னும் இரண்டு. உங்கள் மாவட்டத்தில் சில பட்டா நிலங்கள் 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. அங்கே மரம் வெட்ட அனுமதி வேண்டும், அது ரப்பர் தோட்டமாகவே இருந்தாலும் விற்பவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அடுத்தது அப்பாவின் மில் உரிமம். 1996 டிசம்பர் 12இல் உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகுதான் நாடெங்கும் அறுவை மில் உரிமங்களில் இத்தனை கெடுபிடி. (அந்த வழக்கு தொடங்கியதே நம் கூடலூர் காடுகளில் நடந்த மரவெட்டால்தான்.) உருட்டுமரம் அறுக்கிற எந்திரங்களை இடையில் கூட்டியிருந்தால், உரிமத்தில் இருப்பதும் கொட்டகையில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். வெளிநாட்டுத் தணிக்கையாளர் கேட்பதற்கு முன் நீங்களே கேட்டுக்கொள்வது நல்லது.

மருந்து பற்றிய கேள்வியை நீங்கள் ஒற்றை வரியில் கடந்துவிட்டீர்கள். நான் கடக்க மாட்டேன். பூஞ்சையும் பூச்சியும் ஏறாமல் இருக்க நீங்கள் மரத்துக்குப் போடுவது போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்ததாகத்தான் இருக்க வேண்டும். தாமிரம், குரோமியம், ஆர்செனிக் சேர்ந்த பழைய பச்சை மருந்தோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். "தீங்கில்லாத மருந்து" என்று விற்பவர் சொல்லியிருப்பார். ஆனால் ஐரோப்பாவில் இவை இரண்டும் இனப்பெருக்க நலத்துக்குக் கெடுதல் என்று 2010 முதல் கவலைக்குரிய பொருட்கள் பட்டியலில் இருக்கின்றன. முடிந்த பொருளில் எடைக்கு 0.1 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாங்குபவருக்குச் சொல்லியாக வேண்டும். துளைப்பூச்சியை நிறுத்தத் தேவையான அளவே அதைத் தாண்டிவிடக்கூடும். காய் நறுக்கும் பலகை என்றால் உணவு படுகிற பொருள், இன்னும் கூர்ந்து பார்ப்பார்கள். ஆகவே ஒரு ஆய்வகத்தில் முக்காலிக்கும் பலகைக்கும் தனித்தனியாகச் சோதித்து, வந்த எண்ணை மறைக்காமல் எழுதுங்கள். பலகைக்கு மட்டும் மருந்தில்லாமல், அறுத்த அன்றே சீசனிங்குக்கு ஏற்றிச் சூட்டிலேயே காயவைக்க முடியுமா என்று உங்கள் ஆட்களோடு பேசிப் பாருங்கள். கொஞ்சம் நீலக்கறை வரும், கழிவு கூடும், ஆனால் அந்தப் பலகைக்கு வேறு விலை கேட்கலாம்.

மருந்துத் தொட்டியைச் சுற்றி சிமெண்ட் வரப்பு இருக்கிறதா? ட்ரீட்மென்ட் முடிந்த சட்டங்களை எங்கே வடியவிடுகிறீர்கள்? வெறும் மண்ணில் என்றால் மழைக்கு அது ஓடைக்கும் பக்கத்து வாழைத்தோட்டத்துக்கும் போகும். போரான் பயிருக்குத் துளி வேண்டும், மிஞ்சினால் இலை ஓரம் கருகும். உங்கள் ஊரில் வருடத்தில் இரண்டு பருவமழை. ஒரு சாய்தளமும், வடிவதைத் தொட்டிக்கே திருப்புகிற வாய்க்காலும், மேலே தகரக் கூரையும் போதும். மருந்தும் மிச்சமாகும்.

இனி சாண்டிங் அறை. பெண்கள் நைட்டிக்கு மேல் ஒரு பழைய சட்டை போட்டு, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், புருவம் வெள்ளையாக இருக்கும். சரிதானே? உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான முதல் பிரிவில் வைத்துவிட்டது. மூக்கின் உட்புறத்திலும் அதையொட்டிய எலும்புக் குழிகளிலும் வருகிற புற்றுநோய். வருவது அபூர்வம், ஆனால் பல வருடம் கழித்து வரும், அப்போது அந்தப் பெண் உங்களிடம் வேலையில் இருக்க மாட்டார். இருமலும் இளைப்பும் அபூர்வமில்லை. ஐரோப்பாவில் கடினமர வகைத் தூசிக்கு வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம். ரப்பரும் அந்த வகைதான். வரம்பு அவர்கள் நாட்டுத் தொழிற்சாலைக்கு உரியதுதான், உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கேள்விப் பட்டியலை எழுதியவரின் மனதில் இருப்பது அந்த எண்தான்.

"மாஸ்க் கொடுத்திருக்கிறோம், போடமாட்டேன் என்கிறார்கள்" என்ற பதிலை எல்லா ஊரிலும் கேட்டுவிட்டேன். தகரக் கூரைக்குக் கீழே மே மாதப் புழுக்கத்தில் எட்டு மணி நேரம் யாராலும் போட முடியாது. முதலில் தூசி பிறக்கிற இடத்திலேயே அதை உறிஞ்ச வேண்டும். ஒவ்வொரு சாண்டர் வாயிலும் ஒரு மூடியும் குழாயும், எல்லாம் சேர்ந்து கொட்டகைக்கு வெளியே, தூசியைப் பைகளில் பிடிக்கிற ஒரு பையறையில் முடிய வேண்டும். துணிப்பையை உள்ளேயே தொங்கவிட்டால் பெரிய தூள் பையில் நிற்கும், நுரையீரலுக்குள் போகிற நுண்தூசி துணி வழியாக அறைக்கே திரும்பும். மாஸ்க் அதற்குப் பிறகு, அதுவும் துண்டோ சர்ஜிக்கல் மாஸ்கோ அல்ல, என்95. மாலையில் கம்ப்ரசர் காற்றை அடித்து உடம்பையும் எந்திரத்தையும் சுத்தம் செய்கிற வழக்கத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். ஒரு நாள் முழுக்கக் கீழே படிந்ததை ஐந்து நிமிடத்தில் மறுபடி மூச்சுக்குள் அனுப்புகிற வேலை அது. தொழிற்சாலைக்கான வேக்குவம் ஒன்று வாங்குங்கள்.

ஏணி போட்டு ஏறி, டியூப்லைட் பட்டிக்கு மேலும் கூரை உத்தரத்துக்கு மேலும் விரலால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். விரல் தடம் பள்ளமாகத் தெரிந்தால் அது வெடிமருந்து. சொல் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. 2012 ஜனவரியில் கனடாவின் பர்ன்ஸ் லேக் என்ற ஊரில் ஒரு மர மில் வெடித்து இரண்டு பேர் இறந்தார்கள். ஏப்ரலில் அதே மாகாணத்தில் பிரின்ஸ் ஜார்ஜில் இன்னொன்று, அங்கும் இரண்டு பேர். எரிந்தது படிந்து கிடந்த மரத்தூள். முதல் பொறியில் மேலே இருப்பது உதிர்ந்து காற்றில் கலந்ததும் கொட்டகை முழுக்க ஒரே நேரத்தில் பற்றும். உத்தரத்தைத் துடைக்க ஒரு ஆளுக்கு அரை நாள் கூலி போதும். சீக்கிரம் செய்யுங்கள்.

தொழிலாளர் பகுதியில் உங்கள் கான்ட்ராக்டர்தான் பலவீனமான கண்ணி. 10 பேரோ அதற்கு மேலோ என்றால் இ.எஸ்.ஐ., 20 பேரோ அதற்கு மேலோ என்றால் பி.எஃப். அவர் பிடித்தம் செய்கிறார் என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். சலானைப் பெயரோடு கேட்டு வாங்குங்கள். பிடித்த பணம் கட்டப்படாமல் இருந்தால் முதன்மை முதலாளி என்ற முறையில் பொறுப்பு உங்களுக்கே வரும். இ.எஸ்.ஐ.யில் முதலாளி பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. ரம்பத்தில் ஒரு ஒடியா பையனின் விரல் போனால், அதுதான் அவனுக்கு மாதாமாதம் வரப்போகிற பணம். அந்தப் பங்கை மிச்சம் பிடிப்பதில் ஒரு பெருமையும் இல்லை.

பிறகு மூன்று கேள்விகளை, கான்ட்ராக்டர் பக்கத்தில் இல்லாதபோது, அவர்களின் மொழி தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு, தொழிலாளர்களிடமே கேளுங்கள். ஆதார் அட்டை யாரிடம் இருக்கிறது? ஊரிலிருந்து கிளம்பும்போது வாங்கிய முன்பணம் எவ்வளவு, அது தீராமல் போக முடியுமா? சம்பளம் உன் கணக்குக்கே வருகிறதா? இதில் ஒன்று சரியில்லை என்றாலும் வாங்குபவரின் பட்டியலில் அது "கட்டாய உழைப்பு" என்ற தலைப்பில் போய் உட்காரும். எஃப்.எஸ்.சி.யும் 2021 முதல் தொழிற்சாலைச் சான்றிலேயே இதைச் சேர்த்துவிட்டது. நம் சட்டத்திலும் 1976 முதலே கொத்தடிமை முறைக்குத் தடை இருக்கிறது. பாதுகாப்புப் பலகைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தால், படிக்க வேண்டியவர் படிக்க முடியாத பலகைகள் அவை. ஒடியாவிலும் அஸ்ஸாமியிலும் எழுதிப் போடுங்கள், கூடவே படமும் இருக்கட்டும்.

தங்குமிடம் மரக்களத்துக்கு மேலேயோ பாய்லர் அறைக்குப் பக்கத்திலேயோ இருந்தால் மாற்றுங்கள். தீயில் முதலில் மாட்டுபவர்கள் அவர்கள்தான். ஊர்ப் பெண்கள் பீஸ் ரேட்டில் வேலை செய்தால், மின்வெட்டு நாளிலும் அவர்கள் கூலி குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகிறதா என்று ஒரு மாதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாலியல் தொல்லைப் புகார்க் குழு 10 பேரோ அதற்கு மேலோ உள்ள எல்லா இடத்துக்கும் 2013 முதல் சட்டம். தலைவி பெண், பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். காகிதத்தில் மட்டும் இருக்கிற குழுவைத் தணிக்கையாளர்கள் ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள்: "உங்கள் குழுவில் யார் யார்?" என்று சாண்டிங் அறையில் கேட்பார்கள்.

தம்பியின் சோலார் யோசனை தப்பில்லை, வரிசைதான் தப்பு. உங்கள் தொழிலில் எரிசக்தியில் பெரும்பங்கு சீசனிங் சூட்டுக்குப் போகிறது. அதை ஏற்கெனவே மரக்கழிவால்தான் எரிக்கிறீர்கள், சோலார் அதைத் தொடாது. சீசனிங் அறைக் கதவின் ரப்பர் பட்டை கிழிந்து ஆவி வெளியே போகிறதா, ஈரமானி வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். ஈரம் சரியாக இறங்காத சட்டம் பிறகு வளைந்து கழிவாகிறது, அப்போது மரமும் வீண், சூடும் வீண். வாரத்துக்கு ஒருமுறை எத்தனை டன் உருட்டுமரம் உள்ளே வந்தது, எத்தனை டன் முடிந்த பொருள் வெளியே போயிற்று என்று எழுதுங்கள். ரப்பர் மரத்தில் அது பாதிக்கும் கீழேதான் நிற்கும். அந்த விகிதத்தை இரண்டு மூன்று சதவீதம் ஏற்றினால், கன்று நடுவதைவிட அதிக மரங்களைக் காப்பாற்றியிருப்பீர்கள். ஒன்று கவனியுங்கள்: வெறும் மரத்துண்டை எரிக்கலாம், பசை ஒட்டிய துண்டையும் மருந்து ஏறிய துண்டையும் சேர்த்து எரிக்காதீர்கள், தொழிலாளர்கள் சமையலுக்கு எடுத்துப் போகவும் விடாதீர்கள். பசைக்கு ஃபார்மால்டிஹைடு இல்லாத பி.வி.ஏ. வகையாக இருந்தால் அதையும் பட்டியலில் எழுதுங்கள், அது உங்களுக்குச் சாதகமான விஷயம்.

ஆயிரம் கன்று பற்றி: ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்தில் நட்டு ஆகஸ்டில் காய்ந்துபோன கன்றுகளின் போட்டோவை நான் நிறையவே பார்த்துவிட்டேன். நடுவதானால் உங்களுக்கு மரம் தந்த தோட்டக்காரர் மறுநடவு செய்ய நல்ல ஒட்டுக்கன்று வாங்கிக் கொடுங்கள். முப்பது வருடம் கழித்து உங்கள் மில்லுக்கு மரம் வேண்டுமே.

வெப்சைட் கடைசியில். "சுற்றுச்சூழலுக்கு உகந்தது", "நூறு சதவீதம் பசுமை" என்று ஆதாரமில்லாமல் போடுவதற்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்துவிட்டது. சான்றில்லாமல் எஃப்.எஸ்.சி. முத்திரையைப் போட்டால் அது தனி வழக்கு.

கேள்விப் பட்டியலை இப்படி நிரப்புங்கள். தெரிந்ததற்குப் பதிலும் ஆதாரமும். இல்லாததற்கு "இல்லை" என்றே எழுதி, பக்கத்தில் என்ன செய்யப் போகிறீர்கள், எந்த மாதத்துக்குள் என்று எழுதுங்கள். 34 பேர் உள்ள ஒரு மில்லிலிருந்து எல்லாக் கட்டத்திலும் "ஆம்" என்று வந்தால் ஜெர்மனிக்காரருக்குத்தான் சந்தேகம் வரும். தூசிக் குழாய்க்கு இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டு, அதையும் கடிதத்தோடு வையுங்கள். செலவில் ஒரு பங்கை விலையில் ஏற்றித் தர முடியுமா என்று கேட்பதிலும் தப்பில்லை. கேட்டவர்களுக்குக் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.